பணிய லயத்துப் பேராசிரியர்

பேராசிரியர் பூரணி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு காதைச் சாய்த்து ஒரு நொடி. பூச்சு கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு சத்தம், உள்ளே விட்டு விலகியிருந்தால் வேறொரு சத்தம். பழைய கட்டடங்களைப் பேணிக் காக்கும் முறைகளை இருபது வருடத்துக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறவள். அவளுக்கு அது கைப்பழக்கம். ஹற்றனில் சொந்தக்காரர் ஒருவரின் புது வீடு குடிபுகுதலுக்குப் போன இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. “சாமி படம் மாட்டுன சொவத்தைப் போயித் தட்டிப் பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்குறா. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்குறதுன்னே தெரியல” என்று அவளுடைய அம்மா மீனம்மா கண்டி வரும்வரை பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

பூரணி பிறந்தது வட்டகொடைக்கு மேலே, கூம்புமலைத் தேயிலைத் தோட்டத்தில். பள்ளத்தில் ஓடையோரமாக இருந்த வரிசை வீடுகள் என்பதால் அவர்களுடைய இடத்துக்குப் பணிய லயம் என்று பெயர். நீளமான ஒரே கூரை, அதன் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறைக் காம்பிராக்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் அகலமான இஸ்தோப்பு என்கிற திண்ணை. மழை பிடித்தால் அப்பா அழகுமுத்து தகரத்தின் ஓட்டைகளுக்கு நேர் கீழே சட்டி பானைகளை வைத்துக்கொண்டே போவார். எல்லாப் பாத்திரமும் நிரம்பிய பிறகு சாப்பாட்டுக் கோப்பைகளும் தரைக்கு வந்துவிடும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் வீரம்மா. வீரம்மாவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பூரணிக்குப் படம் வரைவது அப்படி. ஒருத்தி கொப்பியை இன்னொருத்தி பார்த்து எழுதி இரண்டு பேரும் கரையேறினார்கள். பிறகு வீரம்மா கொழுந்து பறிக்கக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பூரணி ரயிலில் தொங்கிக்கொண்டு தலவாக்கலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்தது வரலாறு. மூன்றாம் வருடத்தில் மாணவர்களை ஒரு பழைய வழிப்போக்கர் மண்டபத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். அங்கே சில பேர் சுண்ணாம்புச் சாந்து குழைத்து, விழுந்த சுவரைக் கல் கல்லாகத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் படம் பிடித்துவிட்டு நிழலுக்குப் போக, பூரணி மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாந்துக் குழிக்குள் இறங்கிவிட்டாள். சாயங்காலம் விடுதிக்கு வெள்ளைக் காலோடு வந்தவளைப் பார்த்து, “படிக்க வந்தியா, மேசன் வேலைக்கு வந்தியா?” என்று தோழிகள் கேட்டார்கள்.

“இதுக்கும் படிப்பு இருக்காம்டி!” என்றாள் பூரணி. அந்த வயதில் ஒருவருக்கு அப்படி ஒரு செய்தி கிடைப்பது சாதாரண விஷயமா? அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் படிப்பை இந்தியா போய்ப் படித்து முடித்துவிட்டு வந்தபோது மீனம்மாவுக்கு அதைப் புரியவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. “புது வீடு கட்டப் படிக்கிறவங்களைக் கேள்விப்பட்டுருக்கேன். ஓட்ட வீட்டை விழாம வச்சிருக்கவுமா காலேசு நடத்துறாங்க?” என்று கேட்டாள். ஆனாலும் மகள் விரிவுரையாளராகி, பேராசிரியராகி, கண்டியில் வீடு எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, மீனம்மா பக்கத்து வீடுகளில், “எம் மக கட்டடத்துக்கு டாக்டரு” என்று சொல்லிவைத்தாள்.

மலைநாட்டில் எங்கே ஒரு பழைய கட்டடம் பல்லை இளித்தாலும் பூரணியைக் கூப்பிடுவார்கள். துரைமார் கிளப், கல்லால் கட்டிய தேவாலயம், ரயில் நிலையத்துத் தங்குமிடம், கண்ணாடி அறை வைத்த பங்களா என்று அவள் கைபடாத இடமில்லை. ஒரு நாள் வகுப்பில் இவற்றின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தபோது கிருஷாந்தி என்ற மாணவி கையைத் தூக்கினாள்.

“மேடம், இதெல்லாம் துரைமார் இருந்த எடம். நம்ம ஆளுங்க இருந்த லயத்தை யாராவது பாதுகாக்கிறாங்களா?”

பூரணி அடுத்த படத்துக்குப் போகாமலே அன்றைய வகுப்பை முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. விடுமுறை விட்டால் கிருஷாந்தியையும் இன்னும் சில மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கூம்புமலைக்குப் போய்விடுவாள். பணிய லயத்தை அடியோடு அளந்தார்கள். தான் பிறந்த காம்பிராவின் வாசல் எவ்வளவு தாழ்வு என்பதை அப்போதுதான் பூரணி அறிந்தாள். தலையை இரண்டு முறை இடித்துக்கொண்டாள். பிறகு அழகழகாக வரைபடம் போட்டாள். புதுக் கூரை, வெள்ளையடித்த சுவர், ஒரு காம்பிராவில் பழைய அடுப்பு, இன்னொன்றில் கூடையும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும், வாசலில் வருகிறவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகை. பல்கலைக்கழகம் சம்மதித்தது. உதவி செய்யவும் ஆள் கிடைத்தது. தோட்டத்துச் சனங்களிடம் சொல்லிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். பூரணி படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டு விளக்கிச் சொன்னாள். சனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் வீரம்மா எழுந்தாள். அவள் இப்போது தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க மேடம்.”

கூடப் படித்தவள் ‘மேடம்’ போட்டதும் பூரணி வரைபடத்தின் சுருண்ட மூலையை நீவிவிட்டாள்.

“இதை யாரு பாக்க வருவாங்க?” என்று கேட்டாள் வீரம்மா.

“வெளியூர்லேருந்து வருவாங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்க வருவாங்க. நம்ம சனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க.”

“அப்ப நாங்க எங்க நிக்கணும்? உள்ளயா, வெளியயா?”

முற்றத்தில் சிரிப்பு கிளம்பியது. வீரம்மா அதோடு விடவில்லை. மேடத்தையும் மரியாதையையும் ஒன்றாகக் கழற்றி வைத்துவிட்டாள்.

“மேல தனி வீடு கட்டி முடியப்போவுது பூரணி. கதவைச் சாத்துனா பக்கத்துக் காம்பிராக்காரன் இருமல் நம்ம காதுல விழாது. எப்படா ஏறிப் போவோம்னு நாங்க காத்துக் கெடக்குறோம். நீ வந்து இதைப் பூட்டி வச்சுப் பூசை பண்ணப் போறேங்குற. இது அம்புட்டு நல்ல எடமா இருந்தா நீ ஏண்டி போன?”

முற்றமே அதிர்ந்தது. பூசாரி கூடச் சிரித்தார். பூரணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. அத்தனை மாதமும் லயத்தை அளந்தபோது தன் நெஞ்சில் முள்ளாக நெருடிக்கொண்டே இருந்தது என்னவென்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த லயம் அவளுக்கும்தான் பிடித்ததில்லை.

படங்களைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து உருட்டி வைத்தாள்.

“சரி, லயம் வேணாம். இந்தத் தோட்டத்துல எது இல்லாமப் போனா ஒங்களுக்கு மனசு கேக்காது? அதைச் சொல்லுங்க.”

“கோயிலு” என்றார்கள் முதலில். கோயிலை அவர்களே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். “பெரிய பலாமரம்” என்றார் ஒருவர். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “மடுவம்” என்றாள். உடனே முற்றம் முழுவதும் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. மலையிலிருந்து கூடையோடு வருகிற பெண்கள் வரிசையில் நின்று கொழுந்தைத் தராசில் போட, கணக்கப்பிள்ளை எடை எழுதும் இடம். கூம்புமலை மடுவம் பாதையோரத்தில், நான்கு பக்கமும் திறந்து, கருங்கல் தூண்களின் மேல் பெரிய மரச்சட்டக் கூரையோடு நின்றது. இப்போது லொறி மலைக்கே வந்து கொழுந்து ஏற்றுவதால் மடுவத்தில் விறகும் உடைந்த கூடைகளும்தான் கிடந்தன. ஆனால் அங்கேதான் தோட்டம் முழுவதும் மழைக்கு ஒதுங்கியது. சம்பளப் போராட்டத்தில் இரவு பகலாக உட்கார்ந்தது அங்கே. யாருக்கு யார் மேல் கண் என்று ஊருக்குத் தெரிந்ததும் அங்கேதான்.

“இவரு அங்கதான் என்னய மடக்குனாரு” என்று வீரம்மா தன் கணவன் மாயாண்டியைக் காட்டினாள். மாயாண்டி அந்தக் காலத்தில் கூடைகளைத் தராசில் தூக்கி மாட்டுகிற ஆள். மற்றவர்கள் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவன், வீரம்மாவின் கூடை வந்தால் மட்டும் முள் நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே நிற்பானாம். ஒரு நாள் கணக்கப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு, “டேய், கொழுந்து நிறுக்கிறியா, குடித்தனம் நடத்துறியா?” என்று கேட்டார். அன்றைக்கே செய்தி இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது.

“அந்தக் கணக்கப்பிள்ளை அப்படிக் கேக்கலைன்னா நான் இன்னும் கூடையப் புடிச்சிட்டேதான் நின்னுருப்பேன்” என்றான் மாயாண்டி.

பூரணி அன்றைக்கே மடுவத்தைப் போய்ப் பார்த்தாள். தட்டினாள், கீறினாள், தூணைக் கட்டிப்பிடித்து அளந்தாள். யாரோ நல்லெண்ணத்தில் எப்போதோ கல் தூண்களுக்குச் சீமெந்து பூசிவைத்திருந்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பழைய சுண்ணாம்புச் சாந்தை அரித்துக்கொண்டிருந்தது. கூரைச் சட்டம் மட்டும் இரும்பு மாதிரி இருந்தது. “பொழைக்கும்” என்றாள், ஆஸ்பத்திரியில் சொல்வது போல.

ஆனால் ஒரு சிக்கல். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த துரை அந்த மடுவத்தை இடித்துவிட்டு லொறி திருப்ப இடம் எடுக்கத் திட்டம் போட்டிருந்தான். மாத்தறைப் பக்கத்து வாலிபன், சிங்களவன், தமிழ் அரைகுறை. பூரணி அவனுடைய ஆபீசில் போய் உட்கார்ந்து சிங்களத்தில் பேசினாள். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். “எனக்கும் அந்தக் கட்டடம் பிடிக்கும் மேடம். ஆனால் லொறியைத் தலையில் தூக்கியா திருப்புவது?” என்றான்.

நியாயமான கேள்வி. பூரணி மறுநாளே மாணவர்களோடு பாதையை அளந்தாள். பாதைக்கு எதிர்ப்பக்கத்துக் காணை (மழைத் தண்ணீர் ஓடும் பள்ளம்) மூடிக் கல் பாவினால் லொறி திரும்ப இடம் தாராளமாகக் கிடைத்தது. வெறும் படத்தைக் காட்டினால் நம்பமாட்டான் என்று சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே கோடு போட்டு, கொழுந்து லொறிக்காரனைக் கெஞ்சி ஓட்டிக் காட்டச் சொன்னாள். லொறி ஒரே வீச்சில் திரும்பியது. துரை கைதட்டினான்.

“சரி. ஆனால் இடிந்து யார் தலையிலும் விழக்கூடாது. திருத்துகிற பொறுப்பு உங்களுடையது” என்றான்.

வேலை தொடங்கியது. முதல் வேலை சுண்ணாம்பு தேடுவது. தலவாக்கலையில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் ராசிக்கிடம் போய் நின்றாள் பூரணி. கடை முழுவதும் சீமெந்து மூட்டை கூரையைத் தொட்டு நின்றது.

“சீமெந்து வேணாமா?” என்றான் ராசிக். காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டான். “டீச்சர், நான் வாப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில இருக்கேன். சீமெந்து வேணாம்னு சொல்லி ஒரு ஆளு வந்தது இதுதான் மொத தடவ.”

“பழைய கல்லுக்கு அது ஒத்துக்காதுங்க. கல்லு மூச்சு விடணும்.”

“கல்லு மூச்சு விடுமா?” ராசிக் கடைப் பையனைப் பார்த்தான், பையன் கூரையைப் பார்த்தான். ஆனாலும் மனுஷன் விடவில்லை. மாத்தளைப் பக்கம் ஆள் பிடித்து, சுட்ட சுண்ணாம்புக் கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு தானே கூம்புமலைக்கு வந்தான். கல் எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பார்க்காமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மடுவத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, தண்ணீர் விட்டு, கல்லைக் கொட்டினார்கள். பூரணி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழி உறுமத் தொடங்கியது. குபுகுபுவென்று கொதித்து, வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளி, ஆவி மரத்தளவு எழுந்தது. அடுப்பில்லாமல் நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்க மலையிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

“அடி ஆத்தி! இந்தச் சூட்டுல தேத்தண்ணி போட்டா வெறகு மிச்சம்டி” என்றாள் வீரம்மா.

ராசிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “மாஷா அல்லாஹ்! டீச்சர், நான் ஏன் இவ்வளவு நாளா இதை விக்கல?”

அந்தச் சுண்ணாம்பு வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டும். அது ஊறுகிற நேரத்தில்தான் ஆடி மாதத்து மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டிய பிறகு மடுவத்துக்குப் பின்னால் இருந்த மண் சரிந்து இரண்டு தூண்களைச் சாய்த்துவிட்டது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை. கூரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, காலொடிந்த மாடு மாதிரி நின்றது. விழுந்த கற்களில் பாதி மண்ணோடு ஓடைக்குப் போய்விட்டன.

பூரணி செய்தி கேட்டு ஓடி வந்தாள். குடையை மடக்கிக்கொண்டு பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்குக் கொடுத்த வாக்கு, சனங்களுக்குக் கொடுத்த நம்பிக்கை எல்லாம் சேற்றில் கிடந்தன. புதுக் கல் உடைத்து வைக்கலாம். ஆனால் அந்த நிறமும் அந்த வெட்டும் கிடைக்காது. ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும். வீரம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னடி, எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்க?”

“அந்தக் கல்லு இனி எங்கடி கெடைக்கும்?”

வீரம்மா பள்ளத்தைப் பார்த்தாள். பூரணியும் பார்த்தாள். கீழே பணிய லயம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஒரே காலத்தில், ஒரே கல்லுடைப்பில் வெட்டிய கருங்கல். அந்த லயத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். நினைத்துப் பார்க்கத்தான் மனம் ஒப்பவில்லை.

“அடுத்த மாசம் நாங்க மேல போறோம். அதுக்கப்புறம் இதை இடிக்கத்தான் போறாங்க” என்றாள் வீரம்மா. “தூக்கிக்கிட்டுப் போ. ஒன்னுக்கும் ஒதவாம கெடந்தது, நல்லதுக்கு ஒதவட்டும்.”

புது வீடுகளுக்குச் சனங்கள் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். லயத்தை உடைக்கிற நாளில் முதல் கல்லைப் பெயர்ப்பது பூரணிதான் என்று வீரம்மா முடிவு செய்திருந்தாள். மீனம்மாவும் கண்டியிலிருந்து மகளோடு வந்திருந்தாள். அவர்களுடைய பழைய காம்பிராவின் முன்னால் எல்லாரும் கூடி நிற்க, பூரணியின் கையில் அலவாங்கு என்கிற கடப்பாரையைக் கொடுத்தார்கள்.

அவளால் முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் கட்டடங்களை விழாமல் பிடித்து நிறுத்தியவள். அலவாங்கு கையில் கனத்தது. சனங்களைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், திரும்பவும் சனங்களைப் பார்த்தாள்.

“குடு இப்படி” என்று மீனம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்தவள், நேராக மூலையிலிருந்த அடுப்புக்குப் போனாள். “முப்பது வருசம் என் கண்ணை எரிச்சியே!” என்று ஒரு போடு போட்டாள். கரி படிந்த அடுப்பு இரண்டாகப் பிளந்தது. “பொகை போக ஒரு ஓட்டை வச்சானா, படுபாவி!” இன்னொரு போடு. வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. வாய் கொள்ளாத சிரிப்பு.

அவளைப் பார்த்த பிறகு பூரணிக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அலவாங்கை வாங்கிச் சுவரின் இடுக்கில் செருகி நெம்பினாள். தன்னை இரண்டு முறை தலையில் இடித்த வாசல் மேற்கல்லைத்தான் முதலில் பெயர்த்தாள். அது தரையில் விழுந்த சத்தத்துக்குப் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரை பேராசிரியரும் மாணவர்களும் தோட்டத்துச் சனங்களும் கல் சுமந்தார்கள். எந்த முகம் யாருடையது என்று தெரியாதபடி எல்லார் மேலும் ஒரே தூசி.

தூண்களைக் கட்டுவதற்கு முன் தொங்கிய கூரையைத் தூக்க வேண்டும். சட்டத்தைக் கழற்றினால் திரும்பச் சேராது; முழுசாக, ஒரே சீராக உயர்த்த வேண்டும். ராசிக் தலவாக்கலையில் தனக்குத் தெரிந்த கராஜுகளில் எல்லாம் சொல்லி லொறி ஜாக்கிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். புரட்டாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஜாக்கிக்கு இரண்டு பேர் நின்றார்கள். கயிறுகளைப் பிடிக்கப் பெண்கள் நின்றார்கள். பூரணி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். விசில் ஊதினால் ஒரு சுற்று. இன்னொரு விசிலுக்கு எல்லாரும் நிற்க வேண்டும். அவள் போய்ச் சட்டத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு மறுபடியும்.

“மாயாண்டிண்ணே, நீங்க முந்துறீங்க! மெதுவா!”

“அவரு எப்பவும் தூக்குனா விடமாட்டாரு” என்றாள் வீரம்மா கயிற்றை இழுத்துக்கொண்டே. சிரிப்பில் கயிறு தளர்ந்தது. பூரணி விசிலை ஊதி எல்லாரையும் திட்டினாள். திட்டிவிட்டு அவளும் சிரித்தாள்.

ஒரு கட்டத்தில் சட்டம் முறுக்கிக்கொண்டு ‘க்ரீச்’ என்று கத்தியது. பூரணி கூரைக்குக் கீழே போய், கட்டையில் ஏறி, காதை மரத்தோடு வைத்துக் கேட்டாள். முறிகிற சத்தம் இல்லை. இத்தனை மாதம் கோணலாக இருந்த மூட்டு தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். கையை உயர்த்தினாள். மறுபடி விசில். வெயில் சாய்வதற்குள் கூரை நேராக நின்றது. அந்த நேரம் பார்த்துத் துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கூரையைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டுக் கட்டைகளைச் சுமக்க வந்தான்.

பணிய லயத்துக் கல் மடுவத்துத் தூணாக ஏறியது. எது பழைய கல், எது வந்த கல் என்று கிருஷாந்திக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தரையைக் கல் பாவி, தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசி, பின்னால் மண் சரியாமல் அணை கட்டி, கார்த்திகைத் தீபத்துக்கு முன்பே வேலை முடிந்தது.

தை மாதத்தில் முதல் கல்யாணம். வீரம்மாவின் மகள் நிலக்ஷிக்கும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மாப்பிள்ளை துஷாந்துக்கும். கூம்புமலையில் அதுவரை கல்யாணம் என்றால் தகரப் பந்தல்தான். மழை பெய்தால் பந்திக்கு நடுவே வெள்ளம் ஓடும். தை மாதத்தில் மழை வராது என்று எல்லாரும் நம்பியிருக்க, தாலி கட்டுகிற நேரம் பார்த்து வானம் கிழிந்து கொட்டியது. மடுவத்தின் தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் ஐயர் சொன்ன மந்திரம் ஐயருக்கே கேட்கவில்லை. மேளக்காரர் மழையோடு போட்டி போட்டு அடித்தார். ஆனால் ஒருவர் மேலும் ஒரு சொட்டு விழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்து மடுவத்துக்குள் நின்று, “என்னா அம்சமான மண்டபம்! இது எப்பக் கட்டுனது?” என்று கேட்டார்கள். கட்டிய காலத்தை வீரம்மா சொல்லவில்லை. “எங்க புரொபசர் கட்டுனது” என்றாள்.

பந்தியில் பூரணி சாம்பார் வாளியோடு வளைய வந்தாள். ராசிக் குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுடைய மனைவி ரபீக்கா தொதல் இனிப்பு ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். படம் பிடிக்க வந்தவன் மணமக்களை நுவரெலியாப் பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். நிலக்ஷி போகமாட்டேன் என்றுவிட்டாள். கருங்கல் தூணில் சாய்ந்துகொண்டு, வெளியே மழை வெள்ளித் திரையாக விழ, அங்கேயே படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தின் மூலையில் சாம்பார் வாளியோடு பூரணியும் விழுந்திருக்கிறாள்.

அதன் பிறகு மடுவம் சும்மா கிடந்த நாளே இல்லை. பிறந்தநாள், சடங்கு, சங்கக் கூட்டம், சாயங்கால டியூஷன் வகுப்பு. எந்த நாள் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்கிற பொறுப்பு வீரம்மாவுடையது. பூரணியின் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து சில பேராசிரியர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பூரணி தன் மடுவத்தையே காட்டி, அங்கேயே ஒரு சனிக்கிழமை கருத்தரங்கு நடத்த ஆசைப்பட்டாள். வீரம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எந்த சனி?” என்றாள் வீரம்மா.

தேதியைச் சொன்னாள் பூரணி.

“அன்னைக்கு முடியாது. சரசு மவளுக்குச் சடங்கு.”

“அடியே, வெளிநாட்டுலேருந்து பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்கடி!”

“வரட்டும், நல்லா வரட்டும். சடங்குக்கு வந்து சாப்புட்டுப் போவச் சொல்லு. ஒனக்குப் புதன்கெழம தாரேன். புதன்கெழம ஒண்ணும் இல்ல.”

கண்டிக்கு வரும் ரயிலில் இருந்தபடிதான் பூரணி அந்தப் போனைப் போட்டிருந்தாள். போனை மடியில் வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். எதிரில் இருந்த பெண்மணி ஒருத்தி, “என்னாங்க, நல்ல செய்தியா?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

“ஆமாங்க” என்றாள் பூரணி. “எனக்குப் புதன்கிழமை கிடைச்சிருக்கு.”